வானாய்வகத்துக்கு வந்த மொட்டைக் கடுதாசி

1892 பிப்ரவரி 1. எடின்பரோ வானாய்வகத்தில் ரால்ஃப் கோப்லேண்டின் கைக்கு ஒரு தபால் அட்டை வந்தது. ஆரிகா விண்மீன் கூட்டத்தில், பால்வீதிக்குள், ஒரு நோவா, அதாவது திடீரென ஒளி கூடிய விண்மீன், தெரிகிறது என்று இடக்குறிப்போடு எழுதியிருந்தது. அனுப்பியவர் பெயர் இல்லை.

மொட்டைக் கடுதாசிக்கு வழக்கமான இடம் குப்பைக்கூடை. கோப்லேண்ட் ஸ்காட்லாந்தின் அரச வானியலாளர். அப்படித் தூக்கி எறிந்திருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவரோ அன்றிரவே தொலைநோக்கியைத் திருப்பினார். நோவா இருந்தது. நிறமாலையில் ஹைட்ரஜனின் ஒளிக்கோடுகள் பளிச்சிட்டன.

எழுதியவர் தாமஸ் டேவிட் ஆண்டர்சன். இறையியல் படித்தவர். கையில் பத்து மடங்கு பெரிதாக்கும் சிறு தொலைநோக்கியும் ஒரு விண்மீன் வரைபடமும்தான். சில நாட்களாகவே அந்த நோவாவைப் பார்த்துக்கொண்டிருந்தும், 26 ஆரிகே என்ற பழைய விண்மீன் என்றே எண்ணியிருந்தார். இதில் வேடிக்கை, ஹார்வர்ட் வானாய்வகத்தின் ஒளிப்படத் தட்டுகளில் 1891 டிசம்பர் 10 முதலே அந்த நோவா பதிந்து கிடந்தது. தேடிப் பார்க்கத்தான் ஆளில்லை.

ஒருமுறை கிடைத்ததை அதிர்ஷ்டம் எனலாம். 1901 பிப்ரவரி 22, விடிவதற்கு முன் 2.40 மணி. படுக்கப் போகுமுன் சும்மா அண்ணாந்த அதே ஆண்டர்சன், பெர்சியஸ் கூட்டத்தில் இருக்கக் கூடாத ஒரு விண்மீனைக் கண்டார். வானத்தை மனப்பாடமாக வைத்திருப்பவனுக்கே அது உறுத்தும். மறுநாள் அது கேப்பெல்லா விண்மீனுக்கு நிகராக ஒளிர்ந்தது.

ஸ்டான்லி வில்லியம்ஸ் என்பவர் இங்கிலாந்தின் ஹோவ் நகரில், ஆண்டர்சன் பார்ப்பதற்கு 28 மணி நேரம் முன்புதான் அதே வானப் பகுதியைப் படமெடுத்திருந்தார். 12ஆம் ஒளித்தரம் வரையுள்ள விண்மீன்கள் அதில் விழுந்திருந்தன. அந்த இடம் மட்டும் காலி. ஒரு நாள் சொச்சத்தில் ஐயாயிரம் மடங்குக்கு மேல் ஒளி கூடியிருக்கிறது! ஆண்டர்சன் அண்ணாந்திராவிட்டால் அந்தப் படத்தை யார் சீந்தியிருப்பார்கள்?

பிறகு ஹார்வர்டின் பழைய தட்டுகளையும் புரட்டினார்கள். அதே இடத்தில், 13ஆம் ஒளித்தரத்தில், வில்லியம்ஸின் படத்தில் விழாத அளவுக்கு மங்கலான ஒரு விண்மீன் பல ஆண்டுகளாகவே இருந்தது. இன்று அதற்கு ஜி.கே. பெர்சி என்று பெயர். உண்மையில் அது இரட்டை: ஒரு வெண்குறுமீனும் துணை விண்மீனும் ஏறக்குறைய இரண்டு நாளுக்கு ஒருமுறை ஒன்றையொன்று சுற்றுகின்றன. துணையிடமிருந்து வந்து சேரும் ஹைட்ரஜன் வெண்குறுமீனின் மேற்பரப்பில் குவிந்து, அழுத்தமும் வெப்பமும் ஏறி, அணுக்கருப் பிணைவில் வெடிக்கிறது; அதுதான் நோவா. மேலோடு சிதறிப் போனாலும் விண்மீன் அழிவதில்லை. 1901இல் சிதறிய வாயு இன்னும் விரிந்துகொண்டிருக்க, நடுவில் அந்த ஜோடி சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது.