அலபாமா பல்கலைக்கழகக் கால்பந்து அணி: 2008ஆம் ஆண்டின் ஆட்டக்காரர் சேர்க்கை

அமெரிக்காவின் அலபாமா பல்கலைக்கழகக் கால்பந்து அணியில் 2008ஆம் ஆண்டு சேர்ந்த புதிய மாணவர் குழு, அந்நாட்டுக் கல்லூரி விளையாட்டு வரலாற்றில் அடிக்கடி பேசப்படும் ஒன்றாகும். இங்கே கால்பந்து என்பது நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தைக் குறிக்கும்.

அந்நாட்டில் பள்ளி இறுதியாண்டு மாணவர்களில் சிறந்த ஆட்டக்காரர்களைக் கல்லூரிகள் தேடிச் சென்று, கல்வி உதவித்தொகை தருவதாகக் கூறி அழைக்கின்றன. அக்காலத்தில் பிப்ரவரி மாதத்தின் முதல் புதன்கிழமையில் மாணவர்கள் ஒப்புதல் கடிதத்தில் கையெழுத்திடத் தொடங்குவார்கள். பதினெட்டு வயதுப் பையன் எந்தத் தொப்பியை எடுத்து அணியப்போகிறான் என்று அன்று தொலைக்காட்சிக்கு முன்னால் ஊரே காத்திருக்கும்.

அலபாமா பழம்பெருமை மிக்க அணி. ஆனால் 1992க்குப் பிறகு அது தேசிய வாகையர் பட்டம் பெறவில்லை. 2007 ஜனவரியில் நிக் சேபன் தலைமைப் பயிற்றுநராக வந்தார். அவருடைய முதல் பருவம் ஏமாற்றத்திலேயே முடிந்தது. 7 வெற்றி, 6 தோல்வி. அதிகம் அறியப்படாத லூசியானா-மன்றோ அணியிடம் சொந்த மைதானத்திலேயே 21-14 என்று தோற்றது பெரிய அவமானமாகக் கருதப்பட்டது. அந்த நிலையிலும் சேபனும் அவருடைய உதவியாளர்களும் ஊர் ஊராகச் சென்று ஆள் சேர்த்தனர். 2008 பிப்ரவரியில் முடிந்த சேர்க்கைக்கு ரைவல்ஸ் தளம் நாட்டிலேயே முதலிடம் தந்தது.

குழுவில் அதிகம் எதிர்பார்க்கப்பட்டவர் அலபாமாவின் ஃபோலி ஊரைச் சேர்ந்த ஜூலியோ ஜோன்ஸ். பந்தைப் பிடித்து ஓடும் ஆட்டக்காரரான இவர், முதல் பருவத்திலேயே 58 முறை பந்தைப் பிடித்து 924 கெஜம் சேர்த்தார். மிச்சிகனின் ஃபிளின்ட் நகரிலிருந்து மார்க் இங்ராம் வந்தார். தற்காப்பில் டான்டா ஹைடவர், மார்செல் டேரியஸ், மார்க் பேரன், கோர்ட்னி அப்ஷா ஆகியோர் இருந்தனர். இரண்டாண்டுக் கல்லூரி ஒன்றிலிருந்து டெரன்ஸ் கோடி என்ற பேருருவக்காரரும் சேர்ந்தார். தரவரிசை என்பது பதினேழு வயதில் போடும் கணிப்புதான். அதில் உயர்ந்த மதிப்பெண் பெற்றும் பின்னாளில் பெயர் தெரியாமல் போனவர்கள் ஒவ்வோர் ஆண்டும் உண்டு. இந்தக் குழுவில் கணிப்பு பெரும்பாலும் பலித்தது.

2008 பருவத்தில் அணி முதல் 12 ஆட்டங்களையும் வென்றது. பிறகு புளோரிடாவிடமும் யூட்டாவிடமும் தோற்றது. அடுத்த ஆண்டு 14 ஆட்டங்களிலும் தோல்வியே இல்லை. டென்னசிக்கு எதிரான ஆட்டத்தில் கோடி இரண்டு உதைகளைக் கையால் தடுத்ததால்தான் 12-10 என்று தப்பித்தார்கள். 2010 ஜனவரி 7 அன்று டெக்சாஸ் அணியை 37-21 என்று வென்று பட்டம் பெற்றனர். அந்த ஆட்டத்தில் டேரியஸ் எதிரணியின் பந்தைப் பறித்து ஓடிப் புள்ளி பெற்றார். 2009 பருவத்தில் 1,658 கெஜம் ஓடிய இங்ராம், ஹைஸ்மன் கோப்பையை வென்றார். இவ்வளவு புகழ் வாய்ந்த பல்கலைக்கழகத்துக்கு அதுவே முதல் ஹைஸ்மன் கோப்பை என்பது வியப்புக்குரியது.

இந்தச் சேர்க்கைக்கு மறுபக்கமும் உண்டு. அன்றைய விதிப்படி ஓர் அணியில் 85 பேருக்கு மட்டுமே முழு உதவித்தொகை தர முடிந்தது. ஓராண்டில் புதிதாக 25 பேரைச் சேர்க்க அப்போது அனுமதி இருந்தது. அலபாமா அவ்வாண்டு 32 பேரிடம் கையெழுத்து வாங்கியது. சிலர் கல்வித் தகுதி பெறமாட்டார்கள், சிலர் தாமதமாக வருவார்கள் என்பதே இதற்குச் சொல்லப்பட்ட கணக்கு. கணக்கு தவறினால் இடம் இழப்பவர் மாணவரே. அன்றைய உதவித்தொகை ஓராண்டுக்கு மட்டுமே. ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். ஆகவே ஏற்கெனவே அணியில் இருந்தவருக்கும் உறுதி இல்லை. உடல்நலக் காரணம் காட்டி ஆட்டத்திலிருந்து விலக்கும் வழக்கம் கடும் விமர்சனத்துக்கு உள்ளானது. பயிற்றுநருக்கோ எட்டு ஆண்டுகளுக்கு ஏறத்தாழ 3.2 கோடி டாலர் ஒப்பந்தம் இருந்தது. இந்த வேறுபாட்டை அக்காலச் செய்தியாளர்கள் பலர் சுட்டிக்காட்டினர்.

இவ்வழக்கம் அலபாமாவில் மட்டும் இருந்ததன்று. 2009இல் மிசிசிப்பி பல்கலைக்கழகம் 37 பேரிடம் கையெழுத்து வாங்கியது. அதன் பிறகே தென்கிழக்குக் கூட்டமைப்பு 28 என்ற வரம்பை விதித்தது. 2011இல் அதை 25 ஆகக் குறைத்தது. பல ஆண்டு உதவித்தொகை வழங்கவும் 2012 முதல் கல்லூரிகளுக்கு அனுமதி கிடைத்தது.

குழுவினர் பலர் தொழில்முறை ஆட்டத்துக்குச் சென்றனர். 2011 தேர்வில் டேரியஸ் மூன்றாவதாகவும், ஜோன்ஸ் ஆறாவதாகவும், இங்ராம் இருபத்தெட்டாவதாகவும் எடுக்கப்பட்டனர். அடுத்த ஆண்டு பேரனும் ஹைடவரும் முதல் சுற்றில் இடம்பெற்றனர். முதலாண்டு ஆடாமல் காத்திருந்த பாரெட் ஜோன்ஸ் உள்ளிட்ட சிலர் 2013 ஜனவரி வரை அணியில் இருந்து, 2009, 2011, 2012 ஆகிய மூன்று பருவங்களிலும் பட்டம் வென்ற பின் விடைபெற்றனர்.