கணக்கிட்ட நாளும் அதன் மறுநாளும்

கிறிஸ்துவின் வருகைக்கு நாள் குறித்தவர்களைப் பற்றிக் கற்பிக்கும்போது நாம் பெரும்பாலும் ஒரு புன்முறுவலோடு கடந்துவிடுகிறோம். குறித்த நாள் வந்தது, சென்றது, உலகம் இருந்தபடியே இருந்தது. இத்துடன் பாடம் முடிந்துவிடுகிறது. ஆயின் ஆயர் பணியில் இருப்போருக்குப் பாடம் அங்கேதான் தொடங்குகிறது. அந்த நாளுக்காகக் காத்திருந்தோர் மறுநாள் காலையில் யாது செய்தனர்? அவர்களை வழிநடத்தியோர் அவர்களுக்கு என்ன விடை அளித்தனர்? அவர்களைச் சூழ இருந்த திருச்சபை அவர்களை எவ்வாறு நடத்தியது? 1836, 1844, 1881 ஆகிய மூன்று ஆண்டுகளை எடுத்துக்கொண்டு இவ்வினாக்களை ஆராய இக்கட்டுரை முற்படுகிறது. இவற்றுள் மூன்றாவது, நம் தமிழ் மண்ணில் தோன்றிய எழுப்புதலோடு தொடர்புடையது என்பது நாம் எளிதில் மறந்துவிடும் உண்மையாகும்.

1. கணக்கின் வேர்கள்

நாளையும் நாழிகையையும் பிதாவையன்றி ஒருவரும் அறியார் என்பது ஆண்டவரின் போதனை (மாற்கு 13:32). காலங்களை அறிவது சீடருக்குரியதன்று எனவும், சாட்சி பகர்வதே அவர்களுக்குரியது எனவும் உயிர்த்த ஆண்டவர் தெளிவுபடுத்தினார் (அப். 1:7, 8). அகுஸ்தீன் தமது 'கடவுளின் நகரம்' என்னும் நூலின் பதினெட்டாம் பகுதியில், எஞ்சிய ஆண்டுகளை விரல்விட்டு எண்ணுவோர் தங்கள் விரல்களுக்கு ஓய்வளிக்கட்டும் என்ற கருத்துப்பட எழுதினார். 1530இல் வெளிவந்த அவுக்ஸ்பர்க் விசுவாச அறிக்கையின் பதினேழாம் பிரிவு, உயிர்த்தெழுதலுக்கு முன்னரே பரிசுத்தவான்கள் உலகை ஆள்வர் என்னும் போதனையை மறுத்துரைத்தது.

இத்துணைத் தடைகள் இருந்தும் கணக்கு ஏன் நிற்கவில்லை? தானியேல் நூலிலும் திருவெளிப்பாட்டிலும் எண்கள் இருக்கின்றன என்பது முதற்காரணம். எண்ணாகமம் 14:34, எசேக்கியேல் 4:6 ஆகிய பகுதிகளைச் சான்றாகக் கொண்டு, ஒரு நாள் ஓர் ஆண்டைக் குறிக்கும் என்ற விதி வகுக்கப்பட்டது. தீர்க்கதரிசனம் திருச்சபையின் வரலாற்றில் படிப்படியாக நிறைவேறி வருகிறது எனச் சீர்திருத்தச் சபையார் பலர் கருதியமையால், அந்த வரலாற்றில் தங்கள் இடம் எது என எண்ணிப் பார்க்கும் ஆவல் வளர்ந்தது. இவற்றினும் ஆழமான காரணம் ஒன்று உண்டு. எதுவரைக்கும் என்று பலிபீடத்தின் கீழிருந்து எழும் கூக்குரல் (வெளி. 6:10) துன்புறும் மக்களின் கூக்குரலாகும். அதற்கு விடையளிக்க விரும்பியவர்களே கணக்கிட்டனர்.

2. பெங்கலும் 1836ஆம் ஆண்டும்

யோகான் ஆல்பிரெக்ட் பெங்கல் (1687–1752) என்னும் பெயரை நம் மாணவர் யாவரும் அறிவர். செருமானிய நாட்டின் உர்ட்டம்பர்க் பகுதியில், டெங்கன்டார்ஃப் மடாலயப் பள்ளியில் இருபத்தெட்டு ஆண்டுகள் ஆசிரியராக இருந்து, எதிர்கால ஆயர்களை உருவாக்கியவர் அவர். 1734இல் கிரேக்கப் புதிய ஏற்பாட்டைக் கையெழுத்துப் படிகளின் வேறுபாடுகளோடு பதிப்பித்தார். எளிய பாடத்தைவிடக் கடினமான பாடமே மூலமாக இருத்தல் கூடும் என்ற விதியை நமக்குத் தந்தவர் அவரே. 1742இல் வெளிவந்த அவருடைய 'நோமோன்' என்னும் விளக்கவுரையை ஜான் வெஸ்லி தமது புதிய ஏற்பாட்டுக் குறிப்புகளுக்கு அடிப்படையாகக் கொண்டார்.

இத்தகைய நுண்ணறிவாளரே நாளையும் குறித்தார். 1724இல் ஆகமனகாலத்து முதல் ஞாயிறுக்காக அருளுரை ஆயத்தம் செய்துகொண்டிருந்தபோது, திருவெளிப்பாட்டின் எண்களுக்குரிய திறவுகோல் தமக்குப் புலனாயிற்று என அவர் நம்பினார். 666 என்பதை ஆண்டுகளாகக் கொண்டு, அதனை மிருகத்தின் நாற்பத்திரண்டு மாதங்களோடு சமன் செய்தார். எனவே தீர்க்கதரிசன மாதம் ஒன்று ஏறத்தாழ பதினாறு ஆண்டுகளாயிற்று. இதன் வழியே மிருகத்தின் வீழ்ச்சியையும் ஆயிரவருட அரசாட்சியின் தொடக்கத்தையும் அவர் 1836 ஜூன் 18 எனக் கணித்தார். மொழிப்புலமையும் மறைநூல் அறிவும் மட்டும் இத்தவற்றினின்று ஒருவரைக் காத்துவிடா என்பதற்கு இதனினும் வலிய சான்று வேண்டுவதில்லை.

ஆயினும் பெங்கலிடம் நாம் கற்க வேண்டியது பிறிதொன்றும் உண்டு. குறித்த ஆண்டு குறிப்பிடத்தக்க மாறுதல் ஏதுமின்றிக் கழியுமாயின், தம் முறைமையில் அடிப்படையான பிழை ஒன்று உள்ளது என்பது பொருள். அது எங்குள்ளது எனப் பின்வருவோர் ஆராய வேண்டும் என்று அவர் முன்னரே எழுதிவைத்தார். தம் கணக்கு பொய்க்கக் கூடும் என்பதைத் தம் மாணவர்க்கு மறைக்கவில்லை.

அவருடைய கணக்கு உர்ட்டம்பர்க் விவசாயிகளின் இல்லங்களில் வேரூன்றிற்று. நெப்போலியன் காலத்துப் போர்களும், 1816ஆம் ஆண்டுப் பஞ்சமும், வழிபாட்டு நூல்களில் செய்யப்பட்ட மாறுதல்களும் மக்களை அலைக்கழித்தன. கிழக்கே அடைக்கலம் உண்டு என்ற யுங் ஸ்டில்லிங்கின் எழுத்துகளும் சேர்ந்துகொள்ள, 1817இல் ஆயிரக்கணக்கானோர் ரஷ்யாவுக்கும் காக்கசஸ் மலைப்பகுதிக்கும் புறப்பட்டனர். தன்யூப் ஆற்றின் வழியே சென்ற பயணத்தில் பலர் நோயுற்று மடிந்தனர். இக்குடிபெயர்வைத் தடுக்கும்பொருட்டே 1819இல் கோர்ன்டால் என்னும் பக்திநெறிக் குடியிருப்பு நிறுவப்பட்டது. படிப்பறையில் எழுந்த எண், இவ்வாறு, எளியோரின் வீடுகளையும் நிலங்களையும் அசைத்துவிட்டது.

3. மில்லரும் 1844ஆம் ஆண்டும்

வில்லியம் மில்லர் (1782–1849) பெங்கலைப் போன்று கற்றவர் அல்லர். நியூயார்க் மாநிலத்தின் உழவர். 1812இல் தொடங்கிய போரில் படைத்தலைவராகப் பணியாற்றியவர். கடவுள் உலகைப் படைத்து ஒதுங்கிவிட்டார் என்னும் கொள்கையிலிருந்து 1816இல் மனந்திரும்பிப் பாப்திஸ்து சபையில் சேர்ந்தவர். தானியேல் 8:14 கூறும் 2300 நாள்களை ஆண்டுகளாகக் கொண்டு, அர்த்தசஷ்டா அரசரின் கட்டளை பிறந்த கி.மு. 457இலிருந்து எண்ணி, ஏறத்தாழ 1843இல் ஆண்டவர் வருவார் என முடிவு செய்தார். பல்லாண்டுகள் தயங்கிய பின்னரே, 1831இல், பிரசங்கிக்கத் தொடங்கினார். 1840 முதல் யோசுவா ஹைம்ஸ் என்னும் போதகர் பாஸ்டனிலிருந்து வெளியிட்ட பத்திரிகை அவர் செய்தியை நாடெங்கும் பரப்பிற்று.

மில்லர் திட்டவட்டமாக ஒரு நாளைக் குறிக்க விரும்பவில்லை. 1844 மார்ச்சில் அவர் கூறிய கால எல்லை கடந்தது. கி.மு. ஒன்றுக்கும் கி.பி. ஒன்றுக்கும் இடையே சுழி ஆண்டு இல்லை என்பதால் கணக்கு 1844இல்தான் முடியும் என்பது பின்னர் சுட்டிக்காட்டப்பட்டது. சாமுவேல் ஸ்னோ என்பவர், யூத நாள்காட்டியின் பாவநிவர்த்தி நாளை ஆதாரமாகக் கொண்டு, 1844 அக்டோபர் 22 என அறிவித்தார். இறுதி வாரங்களிலேயே மில்லர் அதனை ஏற்றார். வயல்களை அறுவடை செய்யாது விட்டவர்களும், கடன்களைத் தீர்த்துப் பகைவரிடம் மன்னிப்புக் கேட்டவர்களும் இருந்தனர். வெள்ளை அங்கி அணிந்து கூரைமேல் ஏறி நின்றனர் என்று நம் பிரசங்கங்களில் நகைச்சுவையாகச் சொல்லப்படும் செய்திக்குத் தக்க வரலாற்றுச் சான்று இல்லை. எதிரிகள் கட்டிய கதையை நாம் மேடையில் திரும்பச் சொல்வது முறையன்று.

மறுநாள் விடிந்தபோது அம்மக்கள் அழுதனர். பின்னர் அவர்கள் இருவகையாகப் பிரிந்தனர். சிலர் நாள் சரியே, நிகழ்ச்சியையே தவறாக உணர்ந்தோம் என்றனர்; அன்று கிறிஸ்து பூமிக்கு வரவில்லை, பரலோகப் பரிசுத்த ஸ்தலத்தில் புதியதோர் ஊழியத்தைத் தொடங்கினார் என விளக்கினர். இக்குழுவிலிருந்தே 1863இல் ஏழாம்நாள் அட்வென்டிஸ்டு சபை அமைப்புற்றது. மில்லர் இவ்வழி செல்லவில்லை. 1845இல் வெளியிட்ட சிறுநூலில் தம் தவற்றையும் ஏமாற்றத்தையும் ஒளிவின்றி ஒப்புக்கொண்டார். ஆயினும் ஆண்டவரின் வருகையை எதிர்நோக்கும் நம்பிக்கையைக் கைவிடவில்லை. அதே ஆண்டில் அவருடைய சொந்தச் சபை அவரை உறுப்பினர் நிலையிலிருந்து நீக்கிற்று. தவற்றை ஒப்புக்கொண்ட முதியவருக்கு அச்சபை அளித்த விடை அதுவே.

4. திருநெல்வேலியும் திருவிதாங்கூரும்

மீண்டும் 1836க்குத் திரும்புவோம். பெங்கல் குறித்த ஜூன் 18 அன்று உர்ட்டம்பர்க்கின் பக்திநெறிக் குடும்பத்தில் பிறந்த இளைஞர் ஒருவர் இந்தியா நோக்கிக் கடலில் பயணம் செய்துகொண்டிருந்தார். அவரே ஹெர்மன் குண்டர்ட். ஜூலை மாதத்தில் சென்னையில் இறங்கி, திருநெல்வேலியில் ரேனியஸ் ஐயரோடு சிறிது காலம் இருந்து, பின்னர் பாசல் மிஷனில் சேர்ந்து மலபாரில் பணியாற்றினார். 1872இல் வெளிவந்த அவருடைய மலையாள அகராதி இன்றும் அறிஞர் போற்றும் நூலாகும். தம் நாட்டார் பலர் எதிர்பார்த்த ஆண்டிலேயே, அந்நிய மொழியொன்றைக் கற்கத் தொடங்கினார் அவர். ஒரு மொழியைக் கற்பது நீண்ட எதிர்காலத்தை நம்பிச் செய்யும் செயலல்லவா?

அவரை இந்தியாவுக்கு அழைத்து வந்தவர் அந்தோணி நாரிஸ் குரோவ்ஸ். ஆண்டவர் விரைந்து வருவார் என்ற எதிர்பார்ப்பில் ஊறிய சகோதர சபை இயக்கத்தின் முன்னோடி. ரேனியஸிடம் பயின்று, குரோவ்ஸின் உடனூழியரானவர் ஜான் கிறிஸ்டியன் அருளப்பன் (1810–1867). திருவில்லிபுத்தூருக்கு அண்மையில் அவர் அமைத்த கிறிஸ்தியான்பேட்டையில் 1860இல் தோன்றிய எழுப்புதல், அயல்நாட்டு மிஷனெரிகளின் கட்டுப்பாடின்றித் தமிழ்க் கிறிஸ்தவரிடையே பரவிற்று. பாவ அறிக்கை, தரிசனங்கள், தீர்க்கதரிசனம் உரைத்தல் ஆகியவை அதில் காணப்பட்டன.

அருளப்பனின் மறைவுக்குப்பின், 1870களில், அவர் வழிவந்தோர் மூலம் இவ்வெழுப்புதல் மத்திய திருவிதாங்கூரை எட்டிற்று. அங்கு சி.எம்.எஸ். சபையில் குருவாக இருந்த யுஸ்தூஸ் யோசேப்பு அதன் தலைவரானார். தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் பிறந்து, 1861இல் குடும்பத்தோடு திருமுழுக்குப் பெற்றவர். 'வித்வான் குட்டி' என அழைக்கப்பட்ட பெரும்புலவர். 1875இல், இன்னும் சில ஆண்டுகளில், அதாவது 1881இல், ஆண்டவர் வருவார் என்ற அறிவிப்பு அவ்வியக்கத்தினுள் எழுந்தது. இங்கே எண் பிறந்தது நூலாராய்ச்சியிலிருந்து அன்று, தரிசனத்திலிருந்து. யோசேப்பு அதனை ஏற்றுத் தம்மைப் பின்பற்றியோரோடு சி.எம்.எஸ்.ஸிலிருந்து பிரிந்தார். 1881 கழிந்தது. பலர் தம் பழைய சபைகளுக்குத் திரும்பினர். எஞ்சியோர், அட்வென்டிஸ்டுகளைப் போன்றே, அவ்வாண்டைப் புதியதொரு யுகத்தின் தொடக்கமாகக் கொண்டனர். 'யுயோமயம்' என்னும் தனிச் சமயக்குழு இவ்வாறு உருவாயிற்று. யோசேப்பு 1887இல் மறைந்தார். அவர் இயற்றிய பாடல்கள் மலையாளத் திருச்சபைகளில் இன்றும் பாடப்படுகின்றன. அவருடைய கணக்கை மறந்த திருச்சபை அவருடைய துதியைக் காத்துக்கொண்டது.

5. மறுநாள் தரும் பாடம்

இம்மூன்றையும் ஒருங்கே நோக்குமிடத்து, கணக்கு பொய்த்தபோது திறந்திருந்த வழிகள் புலனாகின்றன. ஒன்று, பிழையை ஏற்று நம்பிக்கையைக் காத்தல். பெங்கல் இதற்கு முன்கூட்டியே வழிவிட்டார். மில்லர் அதனைச் செய்தார். மற்றொன்று, எண்ணைக் காக்கும்பொருட்டு நிகழ்ச்சிக்குப் புதுப்பொருள் கூறுதல். இவற்றோடு, நம்மைப் போன்ற பழைய சபைகளுக்குரிய மூன்றாவது வழியும் உண்டு: பிழைத்தவரை நகைத்து, அத்துடன் வருகையைப் பற்றிய பிரசங்கத்தையே விட்டுவிடுதல். இதுவும் விசுவாசத்தின் இழப்பே.

இதனை நான் பிறருக்காக மட்டும் எழுதவில்லை. 1999ஆம் ஆண்டின் பிற்பகுதியில் நான் ஒரு கிராமச் சபையில் இளம் ஆயராக இருந்தேன். ஆயிரமாண்டு முடிவோடு உலகமும் முடியும் என்ற துண்டுப் பிரசுரங்கள் எங்கும் உலவின. விவசாயக் கூலி வேலை செய்யும் ஒரு தந்தை என்னிடம் வந்து, "ஐயா, மகளின் படிப்புக்குக் கடன் வாங்கத்தான் வேண்டுமா?" எனக் கேட்டார். நான் சிரித்துவிட்டேன். அவர் மேலும் ஒன்றும் பேசாது சென்றார். கடன் வாங்கவில்லை, மகளின் படிப்பும் நின்றது. சனவரி பிறந்தபின் நான் அவ்வீட்டிற்குச் சென்றபோது அவர் என்னைக் குறைகூறவில்லை. ஆயினும் அவருடைய கேள்வி இறுதிக்காலத்தைப் பற்றிய கேள்வி மட்டுமன்று, தம் மகளின் எதிர்காலத்தைப் பற்றிய கேள்வி என்பதை அன்றுதான் உணர்ந்தேன். அதற்கு இறையியல் விடை ஒன்று என்னிடம் இருந்தது. நான் அதைக் கொடுக்கவில்லை.

அவ்விடை யாது? வருகிறவர் நமக்கு அந்நியர் அல்லர். சிலுவையில் அறையப்பட்டு உயிர்த்தவரே. கடவுள் மனிதரோடு வாசம்பண்ண வருகிறார் என்பதே திருவெளிப்பாடு 21 காட்டும் முடிவு. மானிடத்தின் எதிர்காலம் அவருடைய கரத்தில் இருப்பதால், பிள்ளையைப் படிக்கவைப்பதும் மரம் நடுவதும் மொழி கற்பதும் அவிசுவாசச் செயல்கள் அல்ல, காத்திருத்தலின் செயல்களே. தெசலோனிக்கேயர் சிலர் வேலையை விட்டபோது பவுல் அவர்களுக்கு உழைப்பைக் கட்டளையிட்டார், நம்பிக்கையை அணைத்துவிடவில்லை.

கணக்குகள் இனியும் வரும். அமெரிக்க வானொலிப் பிரசங்கியார் ஹெரால்ட் கேம்பிங் 2011 மே 21 என நாள் குறித்தார். அது பொய்த்தபின் அக்டோபர் 21 என்றார். 2012 மார்ச்சில் தம் செயல் பாவமானது என ஒப்புக்கொண்டார். அடுத்தவர் வரும்போது நம் சபையார் நம்மிடம் வருவார்களா, வேறெங்கேனும் செல்வார்களா என்பது நாம் இப்போது கற்பிப்பதைப் பொறுத்தது.

பெங்கல் தம் எண்ணைக் கண்டது ஆகமனகால அருளுரையை ஆயத்தம் செய்தபோது. அந்த ஞாயிறு ஆண்டுதோறும் நமக்கும் வருகிறது. அன்று வருகையைக் கணக்கின்றியும் கூச்சமின்றியும் அறிவிப்போமாக. ஏமாந்தோர் எவரேனும் மறுநாள் நம் வாயிற்படிக்கு வந்தால், சிரியாது கதவைத் திறப்போமாக.