பட்டப்படிப்பு தேவைப்படாத நல்வருவாய்ப் பணிகள்: சங்கரன்கோவில் வட்டாரம்

கல்லூரிப் பட்டத்துக்குப் பதிலாகப் பள்ளித் தேர்ச்சி, தொழிற்பயிற்சி, உரிமம், உடல்தகுதி ஆகியவற்றை அளவுகோலாகக் கொண்டு நல்ல ஊதியம் தரும் பணிகள் இவ்வகையில் அடங்கும். தென்காசி மாவட்டத்தைச் சேர்ந்த சங்கரன்கோவிலில், படிப்பைப் பாதியில் விட்டவர்களுக்கு நெடுங்காலமாக வேலை தந்துவருவது விசைத்தறி. அதன் கூலி உற்பத்தியைப் பொறுத்தது. கூலி உயர்வு தொழிற்சங்கங்களும் உற்பத்தியாளர்களும் பேசி முடிக்கும் ஒப்பந்தத்தைப் பொறுத்தது. தறியில் கற்ற திறனுக்குப் பொதுவாகச் சான்றிதழ் கிடையாது. வேறு ஊருக்கும் துறைக்கும் எடுத்துச் செல்லத்தக்க சான்று தருவதே கீழ்க்காணும் பணிகளின் தனித்தன்மை.

தொழிற்பயிற்சி

இப்பணிகள் பலவற்றுக்கும் நுழைவாயில் ஐ.டி.ஐ. எனப்படும் தொழிற்பயிற்சி நிலையம். நாடு தழுவிய கைவினைஞர் பயிற்சித் திட்டம் 1950இல் தொடங்கியது. வெல்டர் பிரிவு ஓராண்டு, வயர்மேன் பிரிவு இரண்டு ஆண்டு; இரண்டுக்கும் 8ஆம் வகுப்புத் தேர்ச்சி போதும். பிட்டர், எலக்ட்ரீசியன், டர்னர் ஆகியவற்றுக்கு 10ஆம் வகுப்பு வேண்டும். காலம் இரண்டு ஆண்டு. தமிழகத்தின் 71 அரசு ஐ.டி.ஐ.கள் டாடா டெக்னாலஜீஸ் நிறுவனத்துடன் சேர்ந்து ரூ.2,877 கோடியில் நவீன எந்திரங்களுடன் தொழில் 4.0 மையங்களாக மாற்றப்பட்டன. பயிற்சி முடித்தவர்கள் 1961ஆம் ஆண்டு தொழில்பழகுநர் சட்டப்படி உதவித்தொகையுடன் ஆலைகளில் அப்ரெண்டிஸாகச் சேரலாம். திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனை இத்தகைய இடங்களுள் ஒன்று. ரயில்வேயில் அப்ரெண்டிஸ் முடித்தவர்களுக்கு அதன் முதல்நிலைப் பணியிடங்களில் 20 சதவீதம் ஒதுக்கப்படுகிறது.

ரயில் ஓட்டுநர்

விருதுநகர்–செங்கோட்டை ரயில் பாதையில் உள்ள சங்கரன்கோவிலுக்கு ரயில் ஓட்டும் வேலை அன்றாடம் கண்ணில் படுவது. அதன் தொடக்கநிலை உதவி லோகோ பைலட். 10ஆம் வகுப்புடன் குறிப்பிட்ட பிரிவுகளில் ஐ.டி.ஐ. தேர்ச்சி, அல்லது பொறியியல் டிப்ளமோ தேவை. 7ஆவது ஊதியக் குழு அட்டவணைப்படி தொடக்க அடிப்படை ஊதியம் ரூ.19,900. பதவி உயர்ந்து சரக்கு ரயில் லோகோ பைலட் ஆகும்போது அட்டவணையின் தொடக்கம் ரூ.35,400. ஓட்டும் கிலோமீட்டருக்கேற்ற படி இதற்கு மேல் சேரும். எழுத்துத் தேர்வில் வென்றவர்களும் கணினிவழி உளத்திறன் தேர்விலோ, கண்ணாடியின்றி 6/6 பார்வை கேட்கும் மருத்துவச் சோதனையிலோ வாய்ப்பை இழப்பதுண்டு. எனவே விண்ணப்பிக்கும் முன்பே கண்ணைச் சோதித்துக்கொள்வது நல்லது.

கப்பல் பணி

வணிகக் கப்பலில் ஜி.பி. ரேட்டிங் எனப்படும் கடைநிலை மாலுமிப் பணிக்கு 10ஆம் வகுப்பும் ஆறு மாதக் கடற்பயிற்சியும் வேண்டும். அருகிலுள்ள துறைமுக நகரான தூத்துக்குடியில் தமிழ்நாடு கடல்சார் பயிற்சியகம் உள்ளது. அனுபவமும் தகுதிச் சான்றும் பெற்றவர் ஏபிள் சீமேன், போசன் என உயரலாம். வெளிநாட்டுக் கப்பல்களில் ஊதியம் பெரும்பாலும் டாலரில் கணக்கிடப்படுகிறது. வேலை வாங்கித் தருவதாகச் சொல்லும் முகவரிடம் கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் உரிமம் உள்ளதா என்று பார்த்த பிறகே பணம், பாஸ்போர்ட் பற்றிப் பேச வேண்டும்.

மின்பணி

அனுபவத்தின் வழியே உரிமம் பெறும் துறை இது. வயரிங் வேலையில் ஐந்து ஆண்டு அனுபவமும் 21 வயதும் நிறைந்தவர்கள் மின்கம்பியாளர் உதவியாளர் தகுதிகாண் தேர்வு எழுதலாம். கூலிக்கு வேலை செய்தவர் தகுதிச் சான்றுடன் தாமே வேலை எடுத்துச் செய்யும் நிலைக்கு உயர இது படியாகிறது.

வெளிநாட்டு வேலை

வெல்டர், பைப் பிட்டர், எலக்ட்ரீசியன் ஆகியோருக்கு வளைகுடா நாடுகளில் தேவை உண்டு. 1978இல் தொடங்கப்பட்ட தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இதற்கு ஆள் அனுப்புகிறது. 10ஆம் வகுப்புத் தேறாதவரின் பாஸ்போர்ட்டில் பொதுவாகக் குடிபெயர்வு அனுமதி தேவை என்ற குறிப்பு இருக்கும். வளைகுடா நாடுகள் உட்படச் சில நாடுகளுக்கு வேலைக்குச் செல்ல அவர் தனி அனுமதி பெற வேண்டும்.

மேற்படிப்பு

தமிழகத்தில் 8ஆம் வகுப்புடன் இரண்டு ஆண்டு ஐ.டி.ஐ. முடித்து மொழித்தேர்வும் தேறினால் அது 10ஆம் வகுப்புக்கு இணையாக ஏற்கப்படுகிறது. 10ஆம் வகுப்புக்குப் பின் இரண்டு ஆண்டு ஐ.டி.ஐ. முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். தொழில் கற்கப் போனவருக்கும் படிப்பின் வழி அடைபடுவதில்லை.