மின்மினி வெளிச்சத்தில் ஒரு கிருமி

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நின்றபாடில்லை என்றால் சளியைப் பரிசோதித்துப் பார்க்க வேண்டும். அம்பத்தூரோ ஆவடியோ பூந்தமல்லியோ, எந்த அரசு ஆஸ்பத்திரிக்குப் போனாலும் இதைத்தான் சொல்வார்கள். மூடி போட்ட ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவைக் கொடுத்து அனுப்புவார்கள். காலையில் எழுந்ததும் வரும் சளியை அதில் பிடித்துக்கொண்டு போய்க் கொடுக்க வேண்டும்.

அந்த டப்பாவிடம் டாக்டர் மூன்று கேள்விகள் கேட்கிறார். உள்ளே காசநோய்க் கிருமி இருக்கிறதா? இருந்தால் அது உயிரோடு இருக்கிறதா? உயிரோடு இருந்தால் எந்த மருந்துக்குச் சாகும்?

முதல் கேள்விக்கு 1882-லேயே ராபர்ட் கோக் வழி காட்டிவிட்டார். சாயம் ஏற்றினால் மைக்ராஸ்கோப்பில் கிருமி தெரியும். மற்ற இரண்டு கேள்விகளுக்கும் சீக்கிரமாகப் பதில் சொல்வதுதான் கஷ்டம். அதற்காக விஞ்ஞானிகள் கண்ணுக்கே தெரியாத அளவு மெல்லிய வெளிச்சத்தைத் தேடிப் போனார்கள். இந்தத் தேடலில் சென்னைக்கும் ஒரு பங்கு உண்டு. இது பலருக்குத் தெரியாது.

கதை தொடங்கும் இடம் சேத்துப்பட்டு. 1956-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாகாண அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் சேர்ந்து அங்கே ஒரு காசநோய் மருத்துவ ஆராய்ச்சி மையத்தை ஆரம்பித்தன. பிற்பாடு அது காசநோய் ஆராய்ச்சி நிலையம் ஆனது. டி.ஆர்.சி. என்றால்தான் ஊருக்குத் தெரியும். 2011-ல் அது தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்று பெயர் மாறியது.

அங்கே நடந்த முதல் ஆராய்ச்சியே உலகப் புகழ் பெற்றது. 193 நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, பாதிப் பேருக்கு சானடோரியத்தில் வைத்தும் மீதிப் பேருக்கு வீட்டிலேயே வைத்தும் ஒரே மருந்துகளைக் கொடுத்தார்கள். நல்ல சாப்பாடு, காற்று, ஓய்வு எல்லாம் சானடோரியத்தில்தான் கிடைக்கும். ஆனாலும் ஓட்டு வீட்டிலும் குடிசையிலும் இருந்தவர்கள் கிட்டத்தட்ட அதே அளவுக்குக் குணமானார்கள். 1959-ல் இந்த முடிவு வெளியானபின் உலகம் முழுக்க சானடோரியங்களின் காலம் முடியத் தொடங்கியது.

அதே 1959-ல் அந்த மையத்தைச் சேர்ந்த ஹோல்ஸ்ட், மிச்சிசன், ராதாகிருஷ்ணா மூவரும் இன்னொரு கட்டுரை எழுதினார்கள். இதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. ஃப்ளூரசன்ஸ் மைக்ராஸ்கோப்பில் காசநோய்க் கிருமியைப் பார்ப்பது பற்றியது அது. ஆரமின் என்ற மஞ்சள் சாயத்தைக் கிருமியின் மெழுகு போன்ற தோல் பிடித்துக்கொள்ளும். நீல ஒளியைப் பாய்ச்சினால் கறுப்புப் பின்னணியில் கிருமி மட்டும் மஞ்சளாக மின்னும். சாதாரண முறையில் 1000 மடங்கு பெரிதாக்கி, துளித்துளி இடமாகத் தேட வேண்டும். இதில் சில நூறு மடங்கு போதும். ஒரே பார்வையில் அதிக இடம் தெரியும், வேலை சீக்கிரம் முடியும். அமாவாசை இரவில் நட்சத்திரம் பார்ப்பது போலத்தான், பின்னணி எவ்வளவு இருட்டோ அவ்வளவு சுலபம்.

ஆனால் இதில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. செத்த கிருமியும் சாயத்தைப் பிடித்துக்கொள்ளும்! இரண்டு மாதம் மருந்து சாப்பிட்டவரின் சளியிலும் மஞ்சள் குச்சிகள் தெரியலாம். மருந்து வேலை செய்து அவை செத்துக் கிடக்கின்றனவா, மருந்துக்கு மசியாமல் உயிரோடு இருக்கின்றனவா என்று சாயம் சொல்லாது.

அதைத் தெரிந்துகொள்ள ஒரே வழி வளர்த்துப் பார்ப்பது. இங்கேதான் காசநோய்க் கிருமி எல்லோருடைய பொறுமையையும் சோதிக்கிறது. வயிற்றில் இருக்கும் ஈ.கோலை பாக்டீரியா 20 நிமிடத்தில் இரண்டாகிவிடும். காசநோய்க் கிருமிக்கு அதற்கு ஒரு நாள் வேண்டும். முட்டை கலந்த பச்சை நிற ஊடகத்தில் விதைத்துவிட்டு 6 முதல் 8 வாரம் காத்திருக்க வேண்டும். எந்த மருந்துக்குச் சாகும் என்று பார்க்க இன்னும் சில வாரங்கள். அதற்குள் அந்த நோயாளி வேலை செய்யாத மருந்தைச் சாப்பிட்டுக்கொண்டே, ஷேர் ஆட்டோவிலும் மின்சார ரயிலிலும் இருமிக்கொண்டே போய்வந்திருப்பார்.

சென்னையின் மேற்குப் பக்கத்துக்கு இந்தக் காத்திருப்பு புதிதல்ல. 1968-ல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் திருவள்ளூரை மையமாக வைத்து பி.சி.ஜி. தடுப்பூசியின் மாபெரும் பரிசோதனை தொடங்கியது. சுமார் 2,81,000 பேருக்கு ஊசி போட்டு 15 வருடம் கவனித்தார்கள். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை என்ற கசப்பான முடிவு வந்தது. 1997-ல் திருவள்ளூர் தனி மாவட்டமானது. 1999-ல் அந்த மாவட்டத்தின் ஒரு பகுதியில் நேரடிக் கண்காணிப்புடன் மருந்து கொடுக்கும் டாட்ஸ் திட்டத்தை டி.ஆர்.சி. நடத்தத் தொடங்கியது. கிராமங்களில் சேகரித்த சளி ஆவடி, அம்பத்தூர் வழியாக சேத்துப்பட்டுக்கு வந்து, பிறகு வாரக்கணக்கில் காத்திருந்தது. சீக்கிரமாகப் பதில் சொல்லும் ஒரு சோதனை எவ்வளவு தேவை என்பது அந்த ஆய்வகத்தில் இருந்தவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இனி மின்மினிப் பூச்சிக்கு வருவோம்.

1947-ல் அமெரிக்காவில் வில்லியம் மெக்எல்ராய் என்ற விஞ்ஞானி, மின்மினியின் வெளிச்சத்துக்கு ஏ.டி.பி. என்ற பொருள் கட்டாயம் தேவை என்று கண்டுபிடித்தார். ஆராய்ச்சிக்குத் தேவையான பூச்சிகளை அக்கம்பக்கத்துச் சிறுவர்களுக்குக் காசு கொடுத்துப் பிடித்துவரச் செய்தாராம். ஏ.டி.பி. என்பது உயிருள்ள ஒவ்வொரு செல்லும் செலவழிக்கும் சில்லறைக் காசு மாதிரி. செல் செத்தால் அதுவும் தீர்ந்துவிடும். லூசிபெரின் என்ற பொருள், ஆக்சிஜன், ஏ.டி.பி., இவற்றை இணைத்து வைக்கும் லூசிபெரேஸ் என்ற நொதி, இவை எல்லாம் சேர்ந்தால் வெளிச்சம் வரும். ஏ.டி.பி. இல்லையென்றால் இருட்டு. அதாவது வெளிச்சம் வந்தால் உயிர் இருக்கிறது என்று அர்த்தம்! சாயம் சொல்லாததை இது சொல்லிவிடுகிறது.

சரி, மின்மினியின் நொதியைக் காசநோய்க் கிருமிக்குள் எப்படிக் கொண்டுபோவது? அதன் மெழுகுத்தோல் எதையும் சுலபத்தில் உள்ளே விடாது. ஆனால் பாக்டீரியாவையே தாக்கும் வைரஸ்கள் உண்டு, அவற்றுக்கு ஃபேஜ் என்று பெயர். கிருமியின் தோலில் வந்து உட்கார்ந்து தன் டி.என்.ஏ.வை ஊசி போடுவது போல உள்ளே செலுத்திவிடும். அந்த டி.என்.ஏ.வில் மின்மினியின் மரபணுவையும் ஒட்டிவிட்டால்? 1993-ல் நியூயார்க்கில் வில்லியம் ஜேக்கப்ஸும் அவருடைய குழுவினரும் இதைச் செய்துகாட்டினார்கள். இரண்டு குழாயில் கிருமியை எடுத்துக்கொண்டு ஒன்றில் மட்டும் மருந்தைச் சேர்க்க வேண்டும். பிறகு இரண்டிலும் ஃபேஜ், அதன் பின் லூசிபெரின். மருந்துள்ள குழாய் இருண்டால் மருந்து வேலை செய்கிறது. இரண்டும் ஒளிர்ந்தால் மருந்து தோற்றுவிட்டது.

ஒளிர்வது என்றதும் மின்மினி அளவுக்கு வெளிச்சம் என்று நினைத்துவிட வேண்டாம். கண்ணால் பார்க்கவே முடியாது. லூமினோமீட்டர் என்ற கருவி வேண்டும். குழாயை உள்ளே வைத்து மூடினால் வெளி வெளிச்சம் துளியும் புகாது. எதிரே ஒரு ஒளிப்பெருக்கிக் குழாய் இருக்கும். ஒரு ஒளித்துகள் வந்து மோதினால் ஒரு எலக்ட்ரான் தெறிக்கும். அது அடுத்த தகட்டில் மோதி நான்கு எலக்ட்ரான்களைத் தெறிக்கவிடும், அந்த நான்கும் அடுத்த தகட்டில் பதினாறு. இப்படிப் பத்துத் தகடுகளைத் தாண்டும்போது ஒன்று பத்து லட்சத்துக்கு மேல் ஆகிவிடும். ஊர் வதந்தி பரவுகிற கணக்குதான்! மங்கிய ஒளியை எலக்ட்ரானாக்கிப் பெருக்குவது என்ற இதே தத்துவத்தில்தான் டாங்கிகளுக்கான இரவுப்பார்வைக் கருவிகளும் வந்தன. டாங்கித் தொழிற்சாலை இருக்கும் ஆவடிக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

லூமினோமீட்டர் விலை அதிகம் என்பதால் 1999-ல் ஜேக்கப்ஸ் குழுவினர் மலிவான ஒரு பெட்டியும் செய்தார்கள். உள்ளே போலராய்டு ஃபிலிம், அதன்மேல் சோதனைத் தட்டு, அவ்வளவுதான். உயிருள்ள கிருமி இருக்கும் குழியின் கீழே ஃபிலிமில் வெள்ளைப் புள்ளி விழும். ஆய்வகம் இருந்த பேட்டையின் பெயரையே வைத்து அதை 'பிராங்க்ஸ் பெட்டி' என்றார்கள். ஏழை நாடுகளுக்கு ஏற்றது என்ற நம்பிக்கை அப்போது பலமாக இருந்தது.

சேத்துப்பட்டில் வனஜா குமார் முதலான பாக்டீரியாலஜி துறையினர் இந்த வேலையில் இறங்கினார்கள். அவர்கள் வெளிநாட்டு ஃபேஜ்களோடு நின்றுவிடவில்லை, சென்னையிலேயே புதிய ஃபேஜ்களைத் தேடிப் பிடித்தார்கள். பிடிபட்டவற்றுக்கு வைத்த பெயர்கள் செ8, செ9சி, செ9டி, செ12 என்று போகும். சென்னையின் 'செ' தான் அது!

இவற்றில் செ12 தனி ரகம். டி.எம்.4 போன்ற ஃபேஜ்கள் கிருமிக்குள் புகுந்து பெருகி அதைக் கொன்றுவிடும். விளக்கை ஏற்றிய கையோடு வீட்டையே கொளுத்துவது மாதிரி, வெளிச்சம் சீக்கிரம் அணைந்துபோகும். செ12 அப்படியில்லை. கிருமியின் டி.என்.ஏ.வோடு தானும் சேர்ந்து அமைதியாகக் குடியிருக்கக் கூடியது. காசநோய்க் கிருமிக்குள் இப்படிக் குடியேறும் ஃபேஜ் கிடைப்பது அபூர்வம். அதில் மின்மினி மரபணுவை ஏற்றி 2008-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். அதே ஆண்டு இன்னொரு கட்டுரையில், வளராமல் தூங்கிக்கொண்டிருக்கும் கிருமிகளையும் ஒளிரவைக்க முயன்ற ஃபேஜ்களைப் பற்றி எழுதினார்கள். அவற்றின் பெயர்களிலேயே டி.ஆர்.சி. என்ற எழுத்துகள் இருக்கும். தூங்கும் கிருமிதான் காசநோயின் பெரிய சூழ்ச்சி என்பதால் இந்த இரண்டாவது வேலை இன்னும் முக்கியமானது என்றுகூடச் சொல்லலாம்.

பிறகு ஏன் இந்தச் சோதனை அம்பத்தூர் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை? ஆய்வகத்தில் வளர்த்த கிருமியை ஒளிரவைப்பது ஒன்று, இருமித் துப்பிய சளியில் அதைச் செய்வது வேறு. சளியில் வேறு நூறு கிருமிகள் இருக்கும். அவற்றை ஒழிக்க மருந்து போட்டுக் கழுவினால் காசநோய்க் கிருமியும் துவண்டுபோகும். துவண்ட கிருமியிலிருந்து கிடைக்கும் வெளிச்சம் போதாது. கடைசியில் முதலில் கொஞ்சம் வளர்த்துத்தான் சோதிக்க வேண்டியிருந்தது. வளர்க்க வேண்டும் என்றால் மறுபடியும் காத்திருப்புதானே?

அதற்குள் வேறு இரண்டு வெளிச்சங்கள் முந்திக்கொண்டன. ஒன்று, திரவ ஊடகக் குழாய். கிருமி வளர்ந்து ஆக்சிஜனைத் தின்னத் தின்ன, குழாயின் அடியில் உள்ள பொருள் ஒளிரத் தொடங்கும். உலக சுகாதார நிறுவனம் 2007-ல் இம்முறையைப் பரிந்துரைத்தது. இன்னொன்று, நம் ஊரில் சி.பி.நாட் என்று சொல்லப்படும் ஜீன் எக்ஸ்பர்ட். 2010 டிசம்பரில் அதே நிறுவனத்தின் ஒப்புதல் பெற்றது. கிருமியின் டி.என்.ஏ.வைப் பெருக்கி, அதில் சரியாகப் பொருந்தினால் மட்டும் ஒளிரும் மூலக்கூறுகளை விட்டுப் பார்க்கும். இந்த மூலக்கூறு விளக்குகளை 1996-ல் உருவாக்கியவர்கள் சஞ்சய் தியாகி, ஃப்ரெட் கிராமர் என்ற இருவர். இரண்டே மணி நேரத்தில் கிருமி இருக்கிறதா, ரிஃபாம்பிசினுக்கு மசியுமா என்று தெரிந்துவிடும். வாரக்கணக்கில் காத்திருந்தவர்களுக்கு இது வரம்தான், சந்தேகமில்லை.

ஆனால் டி.என்.ஏ. செத்த கிருமியிலும் இருக்குமே! மருந்து சாப்பிட்டுக் குணமாகி வருபவரின் சளியை இதில் வைத்தால், செத்த கிருமிக்கும் 'உண்டு' என்றே சொல்லும். அதனால்தான் சிகிச்சை பலிக்கிறதா என்று கவனிக்க இதைப் பயன்படுத்தக் கூடாது என்கிறார்கள். அதற்கு இன்றும் பழைய மைக்ராஸ்கோப்பும் பழைய காத்திருப்பும்தான். டாக்டரின் இரண்டாவது கேள்வி இன்னும் அப்படியே நிற்கிறது. மின்மினி பதில் சொல்லப் பார்த்தது அந்தக் கேள்விக்குத்தான்.

சென்னை ஃபேஜ்கள் என்ன ஆயின? 2003-ல் 'செல்' இதழில் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் கிரஹாம் ஹாட்ஃபுல் குழுவினர் பத்து ஃபேஜ்களின் முழு மரபுத்தொடரை வெளியிட்டார்கள். செ8, செ9சி, செ9டி மூன்றும் அந்தப் பத்தில் உண்டு. கட்டுரை எழுதியவர்களின் வரிசையில் வனஜா குமாரின் பெயரும் உண்டு. சுமார் 57 ஆயிரம் எழுத்துகள் கொண்ட செ9சி-யின் டி.என்.ஏ.வில் அடுத்தடுத்து இருந்த 60, 61 என்ற இரண்டு மரபணுக்கள் ஹாட்ஃபுல்லின் கண்ணில் பட்டன. அந்நிய டி.என்.ஏ.வைக் கிருமியின் டி.என்.ஏ.வோடு கோத்துத் தைக்கும் வேலை அவற்றுக்குத் தெரியும். காசநோய்க் கிருமியின் மரபணுவை இஷ்டப்படி மாற்றுவது அதுவரை பெரும்பாடாக இருந்தது. 2007-ல் ஜூலியா வான் கெஸ்ஸலும் ஹாட்ஃபுல்லும் இந்த இரண்டு மரபணுக்களை வைத்தே அதைச் சுலபமாக்கிக் காட்டினார்கள். 2018-ல் மாசசூசெட்ஸ் மருத்துவப் பள்ளியில் உருவான இன்னும் வேகமான முறையிலும் செ9சி-யின் மரபணு ஒன்றுதான் தையல் வேலையைச் செய்கிறது. காசநோய்க் கிருமியில் ஒரு மரபணுவை நீக்கவோ, புதிதாக ஒன்றைச் சேர்க்கவோ வேண்டும் என்றால் இன்றும் பல நாட்டு ஆய்வகங்கள் குளிர்பெட்டியைத் திறந்து எடுப்பது சென்னையில் பிடிபட்ட அந்த வைரஸின் ஒரு துண்டைத்தான்.