நல்லையா மண்டபத்துக்கு முதல் இங்க ஒரு பள்ளிக்கூடம்

கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கு வந்த முதல் வருசம் முழுக்க எனக்கு நல்லையா எண்டா ஒரு மண்டபம்தான். நிகழ்ச்சி நடக்கும், கதிரை அடுக்குவம், ஃபேன் வேலை செய்யாது, அவ்வளவுதான். அந்தப் பேருக்குப் பின்னால ஒரு ஆள் இருக்கிறார் எண்டதும், இந்த வளவில எங்களுக்கு முதல் வேற புள்ளைகள் படிச்சாங்க எண்டதும் மறுகாதான் தெரியவந்தது.

வ. நல்லையா அரசாங்க சபையில திருகோணமலை - மட்டக்களப்பு உறுப்பினர். எல்லாப் பாடசாலையிலும் சிங்களமே போதனாமொழி எண்டு ஜே. ஆர். ஜயவர்தன கொண்டுவந்த தீர்மானம் 1944இல் விவாதத்துக்கு வந்தபோது, அதில தமிழையும் சேர்க்கவேணும் எண்டு திருத்தம் கொண்டுவந்தவர் இவர்தான். வந்தாறுமூலைக்கு மத்திய கல்லூரி வந்ததிலயும் அவருடைய பங்கு பெரிசு.

அந்தக் கல்லூரி ஏன் தேவைப்பட்டது எண்டு விளங்க, அப்ப இருந்த பள்ளிக்கூடங்களைப் பார்க்கவேணும். பட்டினத்தில 1814இல் தொடங்கிய மெதடிஸ்த மத்திய கல்லூரி, 1873இல் தொடங்கிய புனித மிக்கேல் கல்லூரி மாதிரி மிஷன் பாடசாலைகள். (பேரில 'மத்திய' இருக்கு எண்டு குழம்பவேண்டாம், அது வேற கதை.) அங்க ஆங்கிலம், கட்டணம், அதுக்குப் பிறகு அரசாங்க உத்தியோகம். கிராமத்தில இருந்தது தாய்மொழிப் பாடசாலை. அதில கட்டணம் இல்லை, ஆனா அதைத் தாண்டிப் போறதுக்குப் பாதையும் இல்லை.

இதை நாங்க பெரும்பாலும் கவனிக்கிறதில்லை. 1945 ஒக்டோபர் 1இல் இலவசக் கல்வி வந்தது எண்டு பரீட்சைக்குப் பாடமாக்கிறம். கட்டணம் நீங்கினதால உடனடியாப் பயன்பட்டது ஏற்கெனவே ஆங்கிலப் பாடசாலையில இருந்த புள்ளைகளும், வாசல் வரைக்கும் வரக்கூடியவங்களும். கிராமத்துப் புள்ளைக்குக் கட்டணம் முதலிலயே இல்லை. அதுக்குத் தேவைப்பட்டது போறதுக்கு ஒரு இடம்.

1931 தொடக்கம் 1947 வரை கல்வி அமைச்சராக இருந்த சி. டபிள்யு. டபிள்யு. கன்னங்கராவுக்கு இது நல்லாவே தெரிஞ்சிருந்தது. ஆனா கையில இருந்த காசு மட்டு, நடுவில உலக யுத்தம் வேற. ஓட்டை ஓலைக் கூரையோட நிண்ட கிராமப் பாடசாலை எல்லாத்தையும் கொஞ்சம் கொஞ்சமாத் திருத்துறதா, இல்லாட்டி ஆய்வுகூடம், நூலகம், விடுதி, மைதானம் எல்லாத்தோடயும் சில பாடசாலைகளைப் புதுசாக் கட்டுறதா? அவர் இரண்டாவதைப் பிடிச்சார். கொழும்பு றோயல் கல்லூரியில இருக்கிறது கிராமத்திலயும் இருக்கவேணும் எண்டதுதான் யோசனை. மத்துகம கல்லூரிக்கு இப்ப அவருடைய பேர். அவர் காலத்தில மத்திய பாடசாலைகள் ஐம்பதைத் தாண்டின. பழைய வகுப்பறைக்கும் புதுக் கட்டடத்துக்கும் நடுவில அவர் போட்ட பாலம்தான் ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில். கெட்டிக்காரப் புள்ளையைத் தெரிஞ்சு விடுதிச் செலவையும் அரசாங்கமே ஏற்கும். படுவான்கரையில இருந்து வாற புள்ளைக்கு விடுதி இல்லாட்டி வந்தாறுமூலையும் கொழும்பு மாதிரித்தான்.

பாலம் ஒடுக்கம் எண்டதுதான் என்ட குறை. ஒரு ஊர்ப் பாடசாலையில இருந்து ஒண்டு ரெண்டு புள்ளை கடந்துபோகும். மற்றவங்க அதே வகுப்பறையில, அதே வாங்கில. கன்னங்கரா வேற என்ன செய்திருக்கலாம் எண்டு கேட்டா எனக்கும் பதில் இல்லை. ஐம்பது நல்ல பாடசாலை கட்டாம விட்டிருந்தா அந்த ஒண்டு ரெண்டும் போயிருக்காது. ஆனா தற்காலிகமா இருக்கவேண்டிய வடிகட்டல் எழுபது வருசம் தாண்டியும் நிக்குது. பத்து வயசில வெட்டுப்புள்ளிக்குக் கீழ விழுந்த ஆக்களில நானும் ஒருத்தன், அதால இதை நடுநிலையா எழுதுறன் எண்டு சொல்லமாட்டன்.

தோட்டங்களில பாலமே போடப்படல்ல. அங்கத்தைய பாடசாலைகள் தோட்ட நிர்வாகத்தின் கையில, பெரும்பாலும் ஆரம்ப வகுப்புகளோட நிண்டுபோயிருந்தது. அவற்றை அரசாங்கம் பொறுப்பெடுக்கத் தொடங்கினது 1970களிலதான். இலவசக் கல்வி வந்து ஒரு தலைமுறையே அதுக்குள்ள கொழுந்து பறிக்கப் போயிற்று.

இனி வந்தாறுமூலைக்கு வருவம். 1981 ஓகஸ்ட் 1இல் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி பேராதனையோட இணைஞ்சதா, விஞ்ஞான, விவசாய பீடங்களோட தொடங்கிச்சு. புதுக் காணியில இல்லை, மத்திய மகா வித்தியாலயத்தின் வளவில. 1986 ஒக்டோபர் 1, அதே ஒக்டோபர் 1, அது கிழக்குப் பல்கலைக்கழகம் ஆச்சு. கிழக்குக்குப் பல்கலைக்கழகம் வேணும் எண்டதில யாருக்கும் மறுப்பு இருந்திருக்காது. ஆயத்தமா நிண்ட வளவு இதுதான் எண்டதும் விளங்குது. நானே அதால படிக்கிறவன். ஆனாலும், கிராமத்துப் புள்ளைக்கு எண்டு கட்டின இடம், முப்பத்தஞ்சு வருசத்துக்குப் பிறகு அதைவிடப் பெரிய ஒண்டுக்கு இடம் விட்டது.

மத்திய மகா வித்தியாலயம் இண்டைக்கும் வந்தாறுமூலையில நடக்குது. 1981இல் சாதாரண தரத்துக்குப் படிச்சுக்கொண்டிருந்தவங்களுக்கு இப்ப அறுபது வயசு வரும். செங்கலடியிலயோ சித்தாண்டியிலயோ அவங்களில ரெண்டு மூண்டு பேரைக் கண்டுபிடிச்சு, அந்த வருசம் எப்படிப் போனது எண்டு கேக்கிறதுக்கு லீவுக்குள்ள சைக்கிளில போறதா இருக்கன்.