ஆவாரம்பட்டைக்கும் ஒரு காலம் இருந்தது

ஆவாரம்பூ தெரியாத ஆள் நம்ம திருவாலங்காடு பக்கம் இருக்க முடியாது. பொங்கலுக்குப் பறிப்போம், உடம்புச் சூட்டுக்குக் காயவெச்சுக் குடிப்போம். அதோட சரி. ஆனா இந்தச் செடியோட பட்டையை நம்பி ஒரு பெரிய தொழிலே நடந்தது.

ரொம்பப் பழைய செடி இது. கபிலர் குறிஞ்சிப்பாட்டுல சொல்ற பூக்கள்ல ஆவிரையும் ஒண்ணு. காதல் கைகூடாதவன் பனைமடல் குதிரையில ஏறும்போது ஆவிரம்பூ மாலை போட்டுக்குவான்னு சங்கப் பாட்டுகள்ல வருது. ஆந்திர எல்லை நமக்குக் கூப்பிடு தூரம்தானே, தெலுங்குல இதுக்குத் தங்கேடுன்னு பேர். 2014-ல தனி மாநிலமான தெலங்கானா இதைத்தான் மாநிலப் பூவா வெச்சிருக்கு.

இப்போ தொழில் கதைக்கு வருவோம். பச்சைத் தோல் அழுகாம இருக்கணும்னா துவர்ப்பு ஏறணும். அந்தத் துவர்ப்பு ஆவாரம்பட்டையில நிறைய இருக்கு. கிளையை வெட்டி, பட்டையை உரிச்சு, காயவெச்சு தோல் ஷாப்புக்கு அனுப்புவாங்க. பட்டைத் தண்ணியில ஊறின தோல் வெளிர் மஞ்சளா வரும். வெயில் பட்டா சிவந்துடும். அதுக்காகக் கடைசியில கடுக்காய்த் தண்ணியில போட்டு எடுப்பாங்க. மெட்ராஸ் மாகாணத்துல இருந்து இப்படிப் பதனிட்ட தோல் கப்பல் கப்பலா லண்டனுக்குப் போச்சு. 1914-18 போர் சமயத்துல பிரிட்டிஷ் சிப்பாய் போட்ட பூட்ஸுக்கும் நம்ம தோல் போனது.

தேவை ஏற ஏற பட்டை பத்தல. தென்னாப்பிரிக்காவுல இருந்து வாட்டில் மரப்பட்டை இறங்குச்சு. அதுல துவர்ப்பு இன்னும் ஜாஸ்தி. இன்னொரு பக்கம் குரோமிய உப்பு வந்தது. பட்டையில வாரக்கணக்குல ஆகிற வேலை அதுல சில நாள்ல முடிஞ்சுது. சென்னையில குரோம்பேட்டைன்னு ஊர்ப்பேரே அந்தத் தொழிலால வந்ததுதான். ஆவாரம்பட்டையைக் கேக்க ஆள் குறைஞ்சுது.

வேகத்துக்கு விலையும் கொடுத்தோம். வேலூர்ப் பக்கம் தோல் கழிவு பாலாத்துலயும் கிணத்துலயும் இறங்கி நிலம் கெட்ட வழக்குல உச்ச நீதிமன்றம் 1996-ல தீர்ப்பே சொல்லுச்சு. தப்பைக் குரோமியத்து மேல மட்டும் போட முடியாது. உப்பும், சுத்திகரிக்காம விட்ட தண்ணியும் சேர்ந்துதான் கெடுத்தது.

விலை போகாத செடியை யாரும் மதிக்கிறதில்ல. நம்ம பக்கம் கரம்பு நிலம் பிளாட்டாகுது, கம்பெனி வருதுன்னு ஜேசிபி வந்தா முதல்ல போறது ஆவாரைதான். மிச்ச இடத்தை சீமைக்கருவேல் பிடிச்சுக்குது. அதனால நம்ம வரப்புலயாவது நாலு செடி நிக்கட்டும்னு சொல்றேன்.

வளர்க்கிறது சுலபம். பழுப்பா முத்தின காயில விதை எடுங்க. விதைத்தோல் கெட்டி, அப்படியே போட்டா சீக்கிரம் முளைக்காது. கொதிக்கவெச்சு இறக்கின சுடுதண்ணியில போட்டு ராத்திரி முழுக்க ஊறவிடுங்க. புரட்டாசி, ஐப்பசி மழைக்கு நேரா நிலத்துல அரை விரல்கடை ஆழத்துல ஊனுங்க. வேலிக்குன்னா மூணடிக்கு ஒண்ணு. ஆணிவேர் ஆழமா போகும், வளர்ந்த செடியைப் பிடுங்கி நட்டா பிழைக்காது. பையில போட்டா சின்னதா இருக்கும்போதே மாத்திடணும். செம்மண், சரளை எதுவும் பரவாயில்ல. தண்ணி தேங்குற இடம் மட்டும் ஆகாது. முதல் கோடை வரைக்கும் கவனிச்சுட்டா அப்புறம் தண்ணி கேக்காது. ஆடு மாடும் அவ்வளவா வாய் வைக்காது.

அவரைக் குடும்பம்தான், ஆனா வேர்ல உரமுடிச்சு கிடையாது. தழையை வெட்டி நடவுக்கு முன்னாடி சேத்துல மிதிச்சாதான் உரம். பூப்பறிக்கிறவங்க மொத்தத்தையும் பறிச்சுடாதீங்க. காய் பிடிச்சாதான் அடுத்த வருஷத்துக்கு விதை.