பெர்லினுக்கு வந்த கடிதங்களும் என் மலிவு சக்கும்

போன எபிசோடு வெளியான பிறகு ஒரு நேயர் குரல் செய்தி அனுப்பியிருந்தார். சின்னதா ஒரு லேத் வாங்கி, வீட்டுக்குப் பின்னாடி பட்டறை போட்டிருக்கிறாராம். "சீனா சக், சீனா எண்ட் மில் எல்லாம் பாதி விலைக்குக் கிடைக்குது. வாங்கலாமா, வேண்டாமாண்ணா?" என்று கேட்டிருந்தார். இதற்கு ஒரு வார்த்தையில் பதில் சொல்ல என்னால் முடியாது. ஆனால் இந்தக் கேள்வி ஒன்றும் புதுசு இல்லை. சுமார் 150 வருஷமா பட்டறைக்காரர்கள் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வி. ஒரு காலத்தில் "சீனா" என்ற இடத்தில் "ஜெர்மனி" இருந்தது, அவ்வளவுதான். இன்றைக்கு அந்தக் கதை.

அதற்கு முன்னால் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். கோயம்புத்தூரில் என் மாமாவின் லேத் பட்டறையில் சில வருஷம் வேலை பார்த்தேன். பழைய மூணு ஜா சக் தேய்ந்துபோனது. நான்தான் பேசிப் பேசி ஒரு மலிவான இறக்குமதி சக்கை வாங்க வைத்தேன். பெயின்ட்டும் பாலிஷும் பார்க்க அவ்வளவு அழகு. கூடவே ஒரு சோதனைத் தாளும் வந்தது. ஐந்தாறு கட்டங்கள், எல்லாக் கட்டத்திலும் ஒரே எண்ணைப் பேனாவால் எழுதியிருந்தார்கள். நான் அதை நம்பினேன்.

அந்த வாரமே 200 பித்தளை புஷ் ஆர்டர். ஒரு பக்கம் துளையும் காலரும் கடைந்துவிட்டு, ஜாபைத் திருப்பிப் பிடித்து மறுபக்கத்தின் வெளிவட்டத்தைக் கடைந்தேன். துளைக்கும் வெளிவட்டத்துக்கும் நடுவில் டயல் ஊசி 0.05 மில்லிமீட்டருக்கு மேல் ஆடக் கூடாது என்று டிராயிங்கில் போட்டிருந்தது. மொத்த லாட்டும் திரும்பி வந்தது. பித்தளை விலை தெரியும் இல்லையா? அந்த மாதம் பட்டறை வாடகையை மாமா கடன் வாங்கித்தான் கட்டினார். நான் விற்றவனைத் திட்டிக்கொண்டிருந்தபோது மாமா ஒன்று கேட்டார்: "ஏன் மாப்ளே, இந்தச் சக்கு எவ்வளவு ஆடும்னு நீ அவன்கிட்டக் கேட்டியா? வந்ததும் டயல் வெச்சுப் பாத்தியா?" இரண்டுக்கும் என்னிடம் பதில் இல்லை.

மாமா கேட்ட அதே கேள்வியை ஒரு நாடே தன்னிடம் கேட்டுக்கொள்ள வேண்டி வந்தது. அதற்கு நாம் 1876-க்குப் போக வேண்டும்.

அமெரிக்கா சுதந்திரம் பெற்ற நூறாவது ஆண்டு. பிலடெல்பியாவில் பிரம்மாண்டமான உலகக் கண்காட்சி. இயந்திரக் கூடத்தின் நடுவில் கார்லிஸ் நீராவி இன்ஜின், 1,400 குதிரைத் திறன். அந்தக் கூடத்தில் ஓடிய இயந்திரங்களுக்கெல்லாம் அதுதான் விசை கொடுத்தது. பிரவுன் அண்ட் ஷார்ப் நிறுவனம் தன் யுனிவர்சல் கிரைண்டரை அங்கேதான் காட்டியது. ஜெர்மனி என்ன கொண்டு போனது தெரியுமா? குருப்பின் பீரங்கிகள். அப்புறம் பிஸ்மார்க்குக்கும் தளபதிகளுக்கும் வரிசை வரிசையாகச் சிலைகள்.

அங்கே ஜெர்மனியின் தரப்பில் நடுவராகப் போனவர் ஃபிரான்ஸ் ரூலோ. பெர்லினில் தொழிற்கல்விக்கூடத்தின் இயக்குநர். இயந்திர இயக்கவியலில் இன்றைக்கும் அவர் பெயரைச் சொல்லாமல் பாடம் நடத்த முடியாது. அவர் பிலடெல்பியாவிலிருந்து பெர்லின் பத்திரிகை ஒன்றுக்குக் கடிதங்கள் எழுதினார். நம் தொழில்துறையின் அடிப்படைக் கொள்கையே மலிவும் மட்டமும்தான் என்ற அர்த்தத்தில் பட்டென்று எழுதிவிட்டார். ஊரே கொந்தளித்தது. 1873-ல் பங்குச்சந்தை விழுந்து தொழிலெல்லாம் படுத்துக் கிடந்த நேரம் வேறு. சொந்த நாட்டுக்காரனே வெளியூரில் உட்கார்ந்து மானத்தை வாங்குகிறான் என்று உற்பத்தியாளர்கள் பாய்ந்தார்கள். ஆனால் ரூலோ சொன்னதை நன்றாகக் கவனிக்கணும். மலிவாக விற்பது தப்பு என்று அவர் சொல்லவில்லை. விலையில் போட்டி போட்டுப் போட்டு, தரத்தைக் கீழே தள்ளிக்கொண்டே போகிறோம் என்பதுதான் அவர் குறை.

இங்கிலாந்துக்காரர்களுக்கு இது ஏற்கெனவே தெரிந்த விஷயம். ஷெஃபீல்ட் என்றால் கத்தி, அரம், டூல் ஸ்டீல். லேத்தில் வெட்டும் கருவிக்கான எஃகில் அன்றைக்கு அந்த ஊர்தான் ராஜா. ராபர்ட் மஷெட்டின் டூல் ஸ்டீல் 1868 வாக்கில் வந்தது. தண்ணீரில் நனைக்காமலே தானாக இறுகும் எஃகு. பிறகு அதைத் தயாரித்ததும் ஷெஃபீல்டில்தான். அந்தப் பேருக்கு இருந்த மதிப்பில் ஒட்டிக்கொண்டு, வார்ப்பிரும்பில் செய்த மட்டமான கத்தரிக்கோல்கள் ஷெஃபீல்ட் முத்திரையோடு ஜெர்மனியிலிருந்து வந்து இறங்கின. ஷெஃபீல்ட் கத்தித் தொழிலாளர்களுக்கு அது வயிற்றுப் பிழைப்பு.

1887-ல் பிரிட்டன் ஒரு சட்டம் போட்டது, வணிக முத்திரைச் சட்டம். இதைப் பற்றிப் பலரும் தப்பாகச் சொல்வார்கள். எல்லா வெளிநாட்டுப் பொருளிலும் நாட்டின் பெயர் போடணும் என்று அது சொல்லவில்லை. பிரிட்டிஷ் பெயரோ முத்திரையோ போட்டுக்கொண்டு வரும் வெளிநாட்டுப் பொருள், உண்மையில் எந்த நாட்டில் செய்யப்பட்டது என்பதைத் தெளிவாகக் காட்ட வேண்டும் என்றது. நோக்கம், அவமானப்படுத்துவது. "மேட் இன் ஜெர்மனி" என்று பார்த்தால் மக்கள் கீழே வைத்துவிடுவார்கள் என்ற கணக்கு.

கணக்கு பொய்த்தது. 1896-ல் வில்லியம்ஸ் என்பவர் அதே சொற்றொடரைத் தலைப்பாக வைத்து ஒரு புத்தகம் எழுதினார். உன் வீட்டைச் சுற்றிப் பார், பொம்மையிலிருந்து பியானோ வரை எத்தனை ஜெர்மன் சாமான் என்று எண்ணு என்கிற மாதிரி ஒரு புலம்பல். ஒன்பதே வருஷத்தில் அவமான முத்திரை விளம்பரப் பலகை ஆகிவிட்டது.

எப்படி நடந்தது? ரூலோவின் கடிதத்தைப் படித்துத் திருந்திவிட்டார்கள் என்று சொல்வது வசதியான கதை. அவ்வளவு சுலபமாக எந்த முதலாளி திருந்தியிருக்கிறார்? எனக்கு முக்கியமாகத் தெரிவது அளவெடுக்கும் பழக்கம். பெர்லினில் லுட்விக் லோவே 1869-ல் தையல் மிஷின் செய்யக் கம்பெனி தொடங்கியவர். அமெரிக்காவுக்குப் போய், பிராட் அண்ட் விட்னி மிஷின்களை வாங்கி வந்து வேலையை ஆரம்பித்தார். உதிரி பாகங்கள் ஒன்றுக்கொன்று மாற்றிப் பொருந்தணும், அதற்கு கேஜ் வேணும் என்கிற அமெரிக்கப் பாடம் அந்த மிஷின்களோடு கூடவே வந்தது. பிறகு அதே கம்பெனி மிஷின் டூல்களையே செய்ய ஆரம்பித்தது. இன்னொன்று, பிரிட்டன் முத்திரைச் சட்டம் போட்ட அதே 1887-ல் பெர்லின் பக்கத்தில் சார்லோட்டன்பர்க்கில் ஒரு தேசிய அளவியல் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். நிலம் கொடுத்தவர் வெர்னர் வான் சீமென்ஸ், முதல் தலைவர் ஹெல்ம்ஹோல்ட்ஸ். ஒரு நாடு முத்திரையைப் பார்க்கச் சொன்னது; இன்னொரு நாடு அளவுகோலைச் சரிசெய்ய உட்கார்ந்தது.

இந்த லோவே கம்பெனியிலிருந்து வந்த ஒருவர்தான் இன்றைய கதாநாயகன், கியார்க் ஷ்லெசிங்கர். அங்கே இன்ஜினியராக இருந்து, பாகங்கள் ஒன்றோடொன்று எவ்வளவு இறுக்கமாக, எவ்வளவு தளர்வாகப் பொருந்தணும் என்பதை ஆராய்ந்து பட்டம் வாங்கினார். 1904-ல், முப்பது வயதில், சார்லோட்டன்பர்க் தொழில்நுட்பக் கல்லூரியில் மிஷின் டூலுக்கென்றே பேராசிரியர் ஆனார். முதல் உலகப்போரில் கைகால் இழந்த வீரர்களுக்குச் செயற்கை உறுப்பு செய்யும் வேலையிலும் இருந்தார். அதையே தனி எபிசோடாகப் பண்ணலாம்.

1927-ல் அவர் ஒரு சோதனைக் கையேடு வெளியிட்டார். மிஷின் டூல் வாங்குகிறவன் அதை எப்படிச் சோதித்து ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதைப் படமும் எண்ணுமாகச் சொன்ன புத்தகம். லேத்தை எடுத்துக்கொள்வோம். ஸ்பிண்டில் துளையில் ஒரு நேரான சோதனைத் தண்டைச் செருகு. டயல் ஊசியைத் தண்டின் மேல் வை. ஸ்பிண்டிலைக் கையால் சுற்று. வாய்ப்பக்கம் எவ்வளவு ஆடுது, 300 மில்லிமீட்டர் தள்ளி எவ்வளவு ஆடுது, எழுது. இன்றைய ஐஎஸ்ஓ 1708 விதியும் சாதாரண லேத்துக்கு இதே வழியில்தான் சோதிக்கச் சொல்கிறது. வாய்ப்பக்கம் 0.01, 300 மில்லிமீட்டரில் 0.02 என்கிற அளவில் எல்லை வைக்கிறது.

எனக்கு அதில் ரொம்பப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. சில இடங்களில் பிழையை அவர் ஒரே திசையில்தான் அனுமதித்தார். பெட் நடுவில் கொஞ்சம் மேடாக இருக்கலாம், பள்ளமாக இருக்கக் கூடாது. டெயில்ஸ்டாக் மையம் ஸ்பிண்டில் மையத்தைவிட ஒரு நூலிழை உயரமாக இருக்கலாம், தாழ்வாக இருக்கக் கூடாது. ஏன்? லேத் ஓட ஓட பெட் நடுவில்தான் அதிகம் தேயும், டெயில்ஸ்டாக் தேய்ந்து கீழேதான் இறங்கும். மேடாகத் தொடங்கினால் தேய்ந்து தேய்ந்து சமநிலைக்கு வரும். பள்ளமாகத் தொடங்கினால் வாங்கிய நாளிலிருந்தே இறங்குமுகம். எந்த லேத்தும் பிழையில்லாமல் வராது என்பதை முதலில் ஒப்புக்கொண்டு, எவ்வளவு பிழை, எந்தப் பக்கம் பிழை என்று எழுதி வைத்துவிட்டார். விற்பவனுக்கும் வாங்குபவனுக்கும் சண்டை வந்தால், நடுவில் ஒரு டயலும் ஒரு தாளும்.

அதே 1927-ல் லைப்சிக் சந்தையில் குருப் கம்பெனி 'விடியா' என்ற கார்பைடு டூலைக் காட்டியது. வைரத்தைப் போல என்று அர்த்தம் வரும் ஜெர்மன் சொற்களின் சுருக்கம் அந்தப் பெயர். நம்ம ஊரில் இன்றைக்கும் வயசான டர்னர்கள் எந்தக் கம்பெனி கார்பைடு டூலையும் "விடியா டூல்" என்றுதான் சொல்வார்கள். பிலடெல்பியாவில் மட்டம் என்று பேர் வாங்கிய நாட்டின் ஒரு பிராண்டு, 51 வருஷத்தில் பொருளுக்கே பேராகும் பாதையில் வந்து நின்றது.

ஷ்லெசிங்கருக்கு அந்த நாடு என்ன செய்தது? அவர் யூதர். 1933-ல் நாஜிகள் தேசத்துரோகம் என்று சொல்லிக் கைது செய்து, மாதக்கணக்கில் சிறையில் வைத்தார்கள். வெளியே வந்து சுவிட்சர்லாந்து, பெல்ஜியம், கடைசியில் இங்கிலாந்து. 1949-ல் அங்கேயே இறந்தார். அவருடைய சோதனை முறை மட்டும் எல்லா நாட்டுக்கும் போய்ச் சேர்ந்தது.

ஜெர்மனிக்குப் பிறகு "மட்டம்" என்கிற பட்டம் ஜப்பானுக்குப் போனது. அதை ஒரே ஒரு உதாரணத்தோடு கடந்துவிடுகிறேன். எஹான் நுமாதா என்ற பௌத்தர் 1934-ல் மைக்ரோமீட்டர் செய்யத் தொடங்கினார். பௌத்தத்தைப் பரப்பப் பணம் வேணும், அதற்காகத் தொழில். அந்தக் கம்பெனிதான் மிட்டுடோயோ. இன்றைக்குச் சந்தையில் போலி மிட்டுடோயோ வெர்னியர் விற்கிறார்கள். ஷெஃபீல்டின் பேரைத் திருடியதைப் போலவே இப்போது ஒரு ஜப்பான்காரர் பேரைத் திருடுகிறார்கள்.

சீனாவுக்கு வருவோம். ஹுனான் மாகாணத்தில் ஜூஜோ என்ற ஊர். 1950-களில், முதல் ஐந்தாண்டுத் திட்டத்தில் அங்கே ஒரு பெரிய கார்பைடு ஆலை கட்டினார்கள். உலகத்தில் வெட்டி எடுக்கும் டங்ஸ்டனில் பெரும்பங்கு சீனாவில்தான். அந்த ஊர் இன்சர்ட்டை நான் எஃகில் ஓட்டியிருக்கிறேன், கொடுத்த காசுக்கு ஒரு குறையும் சொல்ல மாட்டேன். அதே நாட்டிலிருந்து வந்த பேர் இல்லாத எண்ட் மில் செட்டில், 10 மில்லிமீட்டர் என்று போட்டிருந்தது 9.93 இருந்தது. ஷாங்காயில் ஒரே ஆலையில் செய்யும் மினி லேத், வெவ்வேறு நிறத்தில் வெவ்வேறு பேரில் உலகம் முழுக்க விற்கிறது. அதனால் "சீனா சாமான்" என்று ஒரே சொல்லில் எனக்கு எதுவும் தெரிவதில்லை.

நேயருக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். உங்கள் ஜாபுக்கு எவ்வளவு வேணும் என்று முதலில் எழுதுங்க. மூணு ஜா சக் புதுசாக, நல்லதாக இருந்தாலே கொஞ்சம் ஆடும். துளையும் வெளிவட்டமும் ஒரே பிடியில் கடைந்து வெட்டி எடுத்தால், சக் ஆடுவது ஜாபில் தெரியவே தெரியாது. திருப்பிப் பிடிக்கணும் என்றால் நாலு ஜா சக்கில் டயல் வைத்து மையம் பார்க்கணும். நான் செய்த புஷ்ஷை நீளமான பித்தளை ராடில் ஒரே பிடியில் செய்திருக்கலாம். 200 புஷ்ஷும் தப்பியிருக்கும். அதே சக்கில்! வாங்கும்போது டூலுக்கு ஒரு காசு, அதை அளக்கும் டயலுக்கு ஒரு காசு என்று சேர்த்துக் கணக்குப் போடுங்க. அந்த டயலைப் போலியில் வாங்கிவிடாதீங்க. திருப்பிக் கொடுக்கும் நாள் முடிவதற்குள் பெட்டியைப் பிரித்து அளந்துவிடுங்க.

லாட் திரும்பி வந்த அன்று சாயங்காலம் மாமா ஒரு நேரான தண்டைச் சக்கில் பிடித்து, டயலை வைத்து மெதுவாகச் சுற்றினார். ஊசி 0.09 காட்டியது. தாளில் 0.03 என்று எழுதியிருந்தது. மாமா அந்தத் தாளைக் கசக்கவில்லை. பேனாவை எடுத்து, அந்த எண்ணை அடித்துவிட்டு, பக்கத்தில் 0.09 என்றும் அன்றைய தேதியையும் எழுதினார். பிறகு வெள்ளை பெயின்ட்டில் சக்கின் உடம்பிலேயே 09 என்று போட்டார். அந்தச் சக் இன்னும் பட்டறையில் ஓடுகிறது. முதல் கடைசலுக்கு மட்டும்.